நான்கு அங்குலக் கோடு

அக்டோபர் 28, செவ்வாய்

மக்காச்சோளம் வந்துகொண்டே இருக்கிறது. இன்று மட்டும் எடைமேடையில் நாற்பத்தொரு லாரி. வேட் ஸ்டால்கர் சோளம் ஏற்றி வந்தபோது பக்கத்து இருக்கையில் அவன் நாய் இருந்தது. சோளத்தை இறக்கிவிட்டு வெற்று லாரியை எடைக்கு நிறுத்த வந்தபோது நாயைக் காணோம். அதாவது, நாயையும் சோளம் என்று தலையில் கட்டப் பார்க்கிறான். "நாயைக் கூட்டிட்டு வா, அப்புறம் ரசீது" என்றேன். "அட ஆர்லன், அது அறுபது பவுண்டுகூடத் தேறாதுப்பா." "அறுபது பவுண்டு சோளம் என்னைக்காவது குலைச்சுப் பார்த்திருக்கியா?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாய் வந்தது. நான் சிரிக்கவில்லை.

இருபத்தேழு வருஷமாக இந்த மேடை. முகத்தைப் பார்த்து யாருக்கும் எடை போட்டதில்லை.

நவம்பர் 8, சனி

நேற்று எங்கள் வெஸ்லர் பள்ளிப் பையன்கள் அமெரிக்கக் கால்பந்தில் மறுபடியும் ஜெயித்தார்கள். அடுத்த வெள்ளி மேற்கு வட்டாரச் சாம்பியன் ஆட்டம், அதுவும் எங்கள் மைதானத்திலேயே. எதிரணி கில்டன். வேறு யார்? அதில் ஜெயித்தால் தலைநகரில் மாநில இறுதி. வெஸ்லர் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை.

நவம்பர் 13, வியாழன்

ஊரே கோட்டி பிடித்து அலைகிறது. காபிக் கடையில் போன வாரம் ஜெயித்தபோது யார் எந்த நாற்காலியில் இருந்தார்களோ அதே நாற்காலியில்தான் இன்றும் உட்காரவேண்டுமாம். நான் தெரியாமல் வேறு நாற்காலியில் உட்கார, பரிமாறுகிற பெண் வந்து எழுப்பிவிட்டாள். என் நண்பன் டெல்பர்ட் செப்டம்பரிலிருந்து ஒரே காலுறை. துவைக்கவில்லை. துவைத்தால் அதிர்ஷ்டம் போய்விடுமாம். "அதிர்ஷ்டம் போகாது, பொண்டாட்டிதான் போவா" என்றேன். "அவ போன வாரமே மாடி ரூமுக்குப் போயிட்டாடா" என்றான்.

எனக்கு அதிர்ஷ்டத்தில் நம்பிக்கை கிடையாது. யாரும் பார்க்காத இடத்தில் யாரோ எதையோ செய்கிறார்கள். பார்க்காதவர்கள் அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்கிறார்கள். அவ்வளவுதான்.

அதனால்தான் சங்கிலி எனக்குப் பிடிக்கும். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் பந்து நம்மிடமே நிற்கும். இல்லையென்றால் எதிராளிக்குப் போகும். அந்தப் பத்து கஜத்துக்குச் சங்கிலிதான் சாட்சி. அதன் நீளம் பத்து கஜம், இரண்டு முனையிலும் கம்பு. டெல்பர்ட் ரைமர் பின்கம்பு, நான் கிளிப். இருபத்திரண்டு வருஷமாக மைதானத்தின் ஓரத்தில் இந்த ஜோடிதான். மற்ற இரண்டு பேர் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

கிளிப் சின்ன வேலை என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். சந்தேகம் வந்தால் சங்கிலியை மைதானத்துக்கு நடுவே தூக்கிப்போய் அளக்கவேண்டும். அங்கே அதைச் சரியாக எந்த இடத்தில் வைப்பது? அதற்குத்தான் முன்கூட்டியே, பக்கத்தில் மைதானத்துக்குக் குறுக்கே போகும் வெள்ளைக் கோட்டின் பின் விளிம்புக்கு நேராகச் சங்கிலியில் கிளிப்பை மாட்டிவைக்கிறோம். அளக்கும்போது கிளிப் அதே விளிம்பில் உட்கார்ந்தால் சங்கிலி பொய் சொல்லாது. கோட்டின் அகலம் நான்கு அங்குலம். இதில் அதிர்ஷ்டத்துக்கு எங்கே இடம்?

நாளைக்குக் கில்டன்காரர்கள் என்ன வேலை செய்யப்போகிறார்களோ. பக்கவாட்டு நடுவரின் மச்சான் கில்டனில் டிராக்டர் விற்கிறானாம். லவோன் கேட்டாள்: "அப்போ நீ நாளைக்கு ஆட்டத்தைப் பார்க்கப் போறியா, இல்ல நடுவரோட மச்சானைப் பார்க்கப் போறியா?" இவளைக் கட்டிக்கொண்டு முப்பத்தொரு வருஷம்.

நவம்பர் 15, சனி

ஜெயித்துவிட்டோம்! 21–17. நேற்று அடித்த குளிரில் விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. ஆனாலும் எழுதிவிடவேண்டும்.

நான்கு கால்பகுதிகளில் மூன்றாவது கால் முடியும்போது கில்டன் 17, நாங்கள் 14. பந்து நம்மிடம். அந்தக் காலின் கடைசி ஓட்டத்தில்தான் நமக்குப் புதிதாகப் பத்து கஜம் ஆரம்பித்தது. கால் முடிந்தால் அணிகள் பக்கம் மாறும். அதுவரை வடக்கே முட்டியவர்கள் இனி தெற்கே முட்டவேண்டும். நாங்கள் நால்வரும் சங்கிலியோடு மைதானத்தின் மறுகோடிக்கு ஓடினோம். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. மூச்சு முட்டிவிட்டது. பக்கவாட்டு நடுவர் குதிகாலை ஊன்றி இடம் காட்ட, டெல்பர்ட் கம்பை நட்டான், நான் முட்டி போட்டுக் கிளிப் போட்டேன்.

மூன்று முயற்சியில் ஒன்பது கஜம்தான் போனோம். நான்காவது முயற்சி. பந்தை உதைத்துத் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தேன். கோச் அதைச் செய்யவில்லை. பந்தை டாசன் வயிற்றில் திணிக்கச் சொன்னார். டாசன், டெல்பர்ட்டின் மகள் வயிற்றுப் பேரன், பதினெட்டு வயது, கன்றுக்குட்டி மாதிரி கழுத்து. முட்டினான். இருபது பேர் அவன் மேல் விழுந்தார்கள். ஒவ்வொருவனாக எழுப்பிப் பார்த்தால் பந்து எட்டவேண்டிய எல்லைக்கு ஒட்டியும் ஒட்டாமலும்.

அளக்கச் சொன்னார்கள். கிளிப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். "பின் விளிம்புதானே?" என்றார் நடுவர். "பின் விளிம்பு" என்றேன். அவர் அதை அமுக்கிப் பிடிக்க, முன்கம்பை இழுத்தார்கள். இரண்டாயிரம் பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். பந்தின் மூக்கு கம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம்.

பிறகு டாசனே அறுபது கஜமும் பிய்த்துக்கொண்டு போய் எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் வைத்தான். கில்டனுக்குக் கடைசிவரை எழுந்திருக்க முடியவில்லை. அந்த இரண்டு விரல்தான் ஆட்டத்தைத் திருப்பியது என்று வானொலிக்காரன் பத்து தடவை சொன்னான்.

ஆனால் ஒரு விஷயம். சங்கிலியை இழுப்பதற்கு முன் எதேச்சையாக டெல்பர்ட்டைப் பார்த்தேன். என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

என்ன சொல்ல வந்தான்?

நவம்பர் 16, ஞாயிறு

தேவாலயத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டெல்பர்ட் வழக்கமாக எங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, பாட்டு நேரத்தில் என் முதுகைச் சுரண்டுவான். இன்று அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தான். வெளியே வந்தபோது, "என்னடா, பேரன் ஊரையே தூக்கி நிறுத்திட்டான்" என்றேன். "ம். நேரம் நல்லாயிருந்துச்சு" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தான்.

லாரியில் நாயை வைத்துக்கொண்டு வருகிறவன் இப்படித்தான் பார்ப்பான்.

நவம்பர் 17, திங்கள்

கில்டன் பள்ளி மாநில விளையாட்டுச் சங்கத்துக்குப் புகார் எழுதியிருக்கிறது. அளவு சரியில்லையாம். முடிந்த ஆட்டத்தின் முடிவு எதற்காகவும் மாறாது. ஆனால் சங்கிலி பிடித்த நால்வரும் ஆளுக்கொரு வாக்குமூலம் எழுதித் தரவேண்டும் என்று எங்கள் பள்ளி முதல்வர் மிஸஸ் ஸ்ட்ராண்ட் கூப்பிட்டுச் சொன்னார்.

யோசித்துப் பார்க்கிறேன். கிளிப் என் கையில் இருந்தது. அதில் தப்பு வர வழியில்லை. முன்கம்பை இழுத்ததை இரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். மிச்சம் என்ன? பக்கம் மாறிப் போய் முதலில் நட்டானே, அந்தப் பின்கம்பு. அதை நடுவரின் குதிகாலுக்கு ஒரு கையகலம் பின்னால் நட்டிருந்தால்? நான் அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். யார் கவனித்தது? ஓடுகிறவன் சொந்தப் பேரன். டெல்பர்ட், நீயா?

நவம்பர் 18, செவ்வாய்

வாக்குமூலம் எழுதினேன். "பின்கம்பு குதிகாலுக்குச் சற்றுப் பின்னால் நடப்பட்டதாகத் தோன்றியது" என்று முதலில் எழுதினேன். தோன்றியது என்றால் எவன் மதிப்பான்? அடித்துவிட்டு "நடப்பட்டதைக் கண்டேன்" என்று எழுதினேன்.

லவோன் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். "கண்டியா?"

"ஏறக்குறைய."

"ஏறக்குறையன்னு எழுது அப்போ."

மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

டெல்பர்ட்டைச் சங்கிலி வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சத்தமில்லாமல்தான். மிஸஸ் ஸ்ட்ராண்ட் அவனைக் கூப்பிட்டு, பெயர் சொல்லாமல் வாக்குமூலத்தை வாசித்தாராம். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். சங்கிலிக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு அங்கியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "வேற ஏதாவது இருக்கா, மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனானாம்.

தப்பு செய்யாதவன் எதிர்த்துப் பேசியிருக்கமாட்டானா? நான் நினைத்தது சரிதான்.

சரிதான் என்று லவோனிடமும் இரண்டு தடவை சொன்னேன்.

நவம்பர் 25, செவ்வாய்

மாநிலச் சாம்பியன்! 28–6. தலைநகரில் அவர்கள் ஆட்களே சங்கிலி பிடித்தார்கள். நான் மேலே உட்கார்ந்து கத்தினேன். டெல்பர்ட் நான்கு வரிசைக்குக் கீழே. டாசன் கோப்பையைத் தூக்கியபோது டெல்பர்ட் திரும்பி யாரையோ தேடினான். என்னைத்தானோ என்று எழுந்தேன். இல்லை, அவன் பெண்டாட்டியை.

நவம்பர் 27, வியாழன்

நன்றி நாள். ஒவ்வொரு வருஷமும் டெல்பர்ட் வீட்டிலிருந்து பெக்கன் பருப்பு வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் வரும், இங்கிருந்து பூசணி பை போகும். லவோன் பூசணி பை சுட்டு மேசைமேல் வைத்தாள். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் நாங்களே சாப்பிட்டோம்.

டிசம்பர் 9, செவ்வாய்

டயர் மாற்றவேண்டும். இந்த ஊரில் டயர் கடை டெல்பர்ட்டுடையது மட்டும்தான். நாற்பது மைல் போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 10, சனி

 நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பள்ளியில் நிதிக்காக எல்லா ஆட்டங்களையும் குறுவட்டில் பதிந்து விற்றார்கள். மேலே அறிவிப்பாளர் அறையிலிருந்து எடுத்த படம். மைதானத்தின் எதிர்ப்பக்க ஓரம், நாங்கள் நிற்கிற இடம், நன்றாகவே தெரியும். டெல்பர்ட்டின் கம்பைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனசு அடங்கும் என்று வாங்கினேன்.

பார்த்தேன். நடுவர் குதிகாலை ஊன்றுகிறார். டெல்பர்ட் குனிந்து, அவர் காலணியில் உரசுகிற மாதிரிக் கம்பை நடுகிறான். ஒரு மயிரிழைகூடப் பின்னால் இல்லை. திருப்பிப் போட்டேன். மறுபடியும். குதிகாலும் கம்பும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்புறம்தான் அந்த இன்னொரு ஆரஞ்சு அங்கியைப் பார்த்தேன். முட்டி போட்டிருக்கிற கிழவன். கோட்டுக்குத் தெற்கே முட்டி போட்டிருக்கிறான்.

தெற்கே.

வடக்கே முட்டும்போது பின் விளிம்பு என்பது தெற்கு விளிம்பு. பக்கம் மாறித் தெற்கே முட்டும்போது பின் விளிம்பு வடக்கு விளிம்பு. பக்கம் மாறினால் விளிம்பும் மாறும். புதிதாக வருகிற ஒவ்வொருத்தனுக்கும் முதல் நாளே நான் சொல்லித்தருகிற பாடம் இது. ஓடி வந்த இளைப்பில், முன்பிருந்த பழக்கத்தில், தெற்கு விளிம்பில் மாட்டியிருக்கிறேன். உள்ளே போனதும் நடுவர் கேட்டார், பின் விளிம்பா என்று. ஆமாம் என்றேன். அவர் கிளிப்பை வடக்கு விளிம்பில் வைத்தார். முறைப்படிச் சரியாகத்தான் வைத்தார். கோட்டின் அகலம் நான்கு அங்குலம். சங்கிலி முழுசும் நான்கு அங்குலம் பின்னால் நகர்ந்து, முன்கம்பு பந்துக்குக் கிட்டே வந்துவிட்டது.

நாங்கள் தாண்டியது இரண்டு விரல். அதாவது தாண்டவே இல்லை. பந்து கில்டனுடையது.

பதினான்கு தடவை பார்த்தேன். ஐந்தாவது தடவை டெல்பர்ட்டைக் கவனித்தேன். நான் கிளிப் மாட்டிவிட்டு எழுந்திருக்கிறபோது அவன் தலை என் பக்கம் திரும்பியிருக்கிறது. அவன் பார்த்திருக்கிறான்டா. அளக்கும்போது அதைத்தான் சொல்ல வாயைத் திறந்திருக்கிறான்.

கண்டேன் என்று எழுதினேனே. என்ன கண்டேன்? ஒரு எழவும் காணவில்லை.

ஜனவரி 12, திங்கள்

வட்டை எடுத்துக்கொண்டு மிஸஸ் ஸ்ட்ராண்டிடம் போனேன். புது வாக்குமூலமும் எழுதிக்கொண்டு போனேன். வாசித்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஆர்லன், இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பொண்டாட்டிகிட்ட."

"நல்லது. அதோட நிக்கட்டும். ஊர் எல்லையில பலகை வைக்கப்போறோம், மாநிலச் சாம்பியன்னு. பிள்ளைங்க சாம்பியன் மோதிரத்துக்கு அளவு குடுத்தாச்சு. முடிவு எப்படியும் மாறாது. எதுக்கு?"

"டெல்பர்ட்டுக்கு."

"அடுத்த சீசன்ல அவரை மெதுவா உள்ளே எடுத்துக்கலாம். யாருக்கும் தெரியவேண்டாம்."

உறையை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். வெளியே வரும்போதுதான் உறைத்தது: யாருக்கும் தெரியாது என்றால், டெல்பர்ட் திருடன் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தபடியே இருக்கும். என் பழைய வாக்குமூலத்தின் விஷயம் நவம்பரிலேயே காபிக் கடைவரை வந்துவிட்டது. "பேரனுக்காகக் கிழவன் கொஞ்சம் சாய்ச்சுட்டான், அதனாலென்ன" என்று சிரிக்கிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். அதுதான் இன்னும் மோசம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நாடே தொலைக்காட்சியில் பார்க்கிற பெரிய இறுதி ஆட்டம். பதினெட்டு வருஷமாக டெல்பர்ட் வீட்டு நிலவறையில்தான் பார்ப்போம், அவன் வைக்கிற மிளகாய்க் கறியோடு. இன்று வீட்டில் நானும் லவோனும். தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் பந்து ஒருமுறை எகிறினாலே இதுதான் திருப்பம், இதுதான் திருப்பம் என்கிறார்கள். பேசாமல் அணைத்துவிட்டேன்.

டெல்பர்ட்டுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அவன் பெண்டாட்டி எடுத்து, "அவர் குளிக்கிறார்" என்றாள். காலுறையைத் துவைக்க ஆரம்பித்துவிட்டான் போல என்று லவோனிடம் சொன்னேன். அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று அணிக்கு விருந்து. பள்ளி உணவுக்கூடத்தில் முந்நூறு பேர். மோதிரம் கொடுத்து முடித்ததும், யாராவது பேசுகிறீர்களா என்று கோச் பொதுவாகக் கேட்டார். எழுந்துவிட்டேன். லவோன் என் சட்டையைப் பிடித்தாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை, சுருக்கத்தைத்தான் நீவிவிட்டாள்.

சொன்னேன். எந்த விளிம்பு, எவ்வளவு அங்குலம், யார் முட்டி போட்டது, எல்லாம். "டெல்பர்ட் கம்பு ஒரு இம்மிகூட நகரல. நான் பார்க்கவே இல்ல. பார்த்தேன்னு பொய் எழுதினேன்" என்றேன்.  எங்கிருந்தோ ஒரு ரொட்டி பறந்து வந்து என் தோளில் விழுந்தது. யாரோ, "உக்காருடா கிழவா" என்றார்கள்.

டெல்பர்ட் எழுந்து வெளியே போனான். பின்னாலேயே ஓடினேன். வண்டி நிற்கும் இடத்தில் திரும்பினான். நான்கு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினான்.

"நான் உன்னைக் கேட்டேனா?"

"உன் பேர் கெட்டுப்போச்சேன்னு..."

"என் பேர் என் பாடு. உள்ளே பையன் இப்பதான் மோதிரம் போட்டான்டா! ஒரு ராத்திரி போட்டுக்க விட்டியா? நவம்பர்லயே என்கிட்ட வந்து, ‘டெல்பர்ட், என்னடா பார்த்தே’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? கேட்டியா? உனக்குக் கேக்கத் தெரியாது. சந்தேகப்படத்தான் தெரியும்."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.  

ஏப்ரல் 22, புதன்

பலகை வைத்துவிட்டார்கள். இரண்டாம் நாளே எவனோ கீழே கரியால் எழுதிவிட்டான்: "நான்கு அங்குலம் கழித்து."

ஜூலை 9, வியாழன்

கோதுமை. லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இருபத்தேழு வருஷமாக நான் சொன்ன எடைக்கு மறுபேச்சு கிடையாது. இப்போது, "இன்னொரு தடவை போடுங்க ஆர்லன்" என்கிறார்கள். வேட் ஸ்டால்கர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எந்த விளிம்புல நிறுத்தட்டும் அண்ணே?" என்றான். நாயும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. ஒவ்வொரு லாரியையும் இரண்டு தடவை போட்டேன். கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

மதியம் டாசன் லாரி ஓட்டி வந்தான். இறங்கி நேராக என் ஜன்னலுக்கு வந்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன், அடிப்பான் என்றே நினைத்தேன்.

"மிஸ்டர் குபெக், நாலு அங்குலம் நீங்க குடுத்தது, சரி. அதுக்கப்புறம் அறுபது கஜம் ஓடினேனே, அது யாரு குடுத்தது?"

"நீதான்."

"அதை அந்த விருந்துல சொன்னீங்களா?"

சொல்லவில்லை. மறந்துவிட்டேன். என் தப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். "சொல்லியிருக்கணும், தம்பி" என்றேன். "தாத்தாகிட்டயாவது சொல்லுங்க. வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கார், எங்களால முடியல" என்று ரசீதை வாங்கிக்கொண்டு போனான். மோதிரம் போட்டிருந்தான்.

ஜூலை 10, வெள்ளி

டயர் கடைக்குப் போனேன். டெல்பர்ட் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். பூட்ஸ் மட்டும் தெரிந்தது. பூட்ஸிடம் சொன்னேன், டாசன் சொன்னதையும், நான் விட்டதையும். கடைசியில், "உன்கிட்ட கேட்டிருக்கணும். கேக்கல. மன்னிச்சுக்கோ" என்றேன்.  ஸ்பானர் சத்தம் நின்றது. வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

வெஸ்லர் பள்ளி இந்த வருஷம் கிளிப்புக்கு வேறு ஆள் போட்டுவிட்டது. எதிர்பார்த்ததுதான். ஆனால் இன்று தபாலில் கில்டன் பள்ளியிலிருந்து கடிதம்! அவர்கள் மைதானத்தில் நடக்கிற ஆட்டங்களுக்கு நான் கிளிப் போட வரமுடியுமா என்று கேட்கிறார்கள். அவர்களுடைய ஆள் இடுப்பு அறுவைக்குப் போகிறாராம். "தன் ஊருக்கு எதிராக உண்மை சொன்னவர் எங்களுக்குப் போதும்" என்று எழுதியிருக்கிறது.

இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது. கூப்பிட்டுவைத்து முந்நூறு பேர் முன்னால் கேலி செய்யப்போகிறார்கள். அல்லது பக்கத்தில் நின்று என் தப்பைப் படமெடுப்பார்கள். கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தேன். லவோன், "முத்திரை அசல்தான். நீ போறியா, இல்ல நான் போய் கிளிப் போடவா?" என்றாள்.

கீழே இன்னொரு வரி: பின்கம்புக்கும் ஆள் தேவை, நம்பகமானவர் யாராவது தெரிந்தால் அழைத்து வரவும்.

ஆகஸ்ட் 12, புதன்

கடிதத்தை நகலெடுத்து, கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டு, டயர் கடைத் தபால் பெட்டியில் போட்டேன். வேறெதுவும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 29, சனி

நேற்று நான்கு மணிக்கு வாசலில் ஹாரன். டெல்பர்ட்டின் வண்டி. இறங்கவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்தேன். இருபது மைல் வரை வானொலியில் சோள விலையைக் கேட்டுக்கொண்டு போனோம்.

பிறகு கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். "அன்னைக்கு நீ பார்த்தே. வாயைத் திறந்தே. ஏன் மூடிக்கிட்டே? என்னைக் காட்டிக்குடுக்க வேண்டாம்னா, இல்ல டாசனுக்காகவா?"

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "உனக்காகன்னு சொன்னா நல்லாயிருக்கும்டா. நானும் நாலு மாசம் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கிட்டேன். உண்மை அது இல்ல. ஜெயிக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். அதனாலதான் அங்கியைக் கேட்டப்போ ஒண்ணும் பேசாம குடுத்துட்டேன்."

அவனுக்குச் சாதகமான பதில் ஒன்று கையிலேயே இருந்தது, எடுத்துக்கொள்ளவில்லை. நம்பினேன். மறுபடியும் யோசித்துப் பார்த்தேன், அப்போதும் நம்பினேன். "நானும்தான் உன்னை மாட்டிவிட்டேன்" என்றேன். "தெரியும். எழுத்தே உன் எழுத்து, மேடம் மேசையில தலைகீழா இருந்தும் தெரிஞ்சுது" என்றான்.

கில்டனில் ஒருத்தரும் கேலி செய்யவில்லை. ஒருத்தரும் சிரிக்கவும் இல்லை. ஆரஞ்சு அங்கியைக் கொடுத்தார்கள், காபி கொடுத்தார்கள். என் பின்னால் வேலியோரம் ஒரு அம்மா நாற்காலியைப் போட்டு, ஆட்டத்தைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பையன் அன்று டாசனைத் தடுத்து நிறுத்தியவர்களில் ஒருவனாம். பார்க்கட்டும். பார்க்கவேண்டியதுதான்.

மூன்றாவது கால் முடிந்தது. அணிகள் பக்கம் மாறின. சங்கிலியோடு மறுகோடிக்கு ஓடினோம். இந்தத் தடவை நடந்தோம் என்றே சொல்லலாம், வயசாகிறது. டெல்பர்ட் குதிகாலை ஒட்டிக் கம்பை நட்டான். நான் முட்டி போட்டேன். கிளிப்பை மாட்டினேன்.

"டேய் ஆர்லன்!" நான்கு கஜத்துக்கு அப்பாலிருந்து டெல்பர்ட் மைதானமே கேட்கிற மாதிரி கத்தினான். "எந்தப் பக்கம்டா போட்டே?"

வேலியோர அம்மா எழுந்து நின்றுவிட்டாள். நடுவர் திரும்பினார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "வடக்கு!" என்று கத்தினேன்.

"அவங்க எந்தப் பக்கம் முட்டுறாங்க?"

"தெற்கு!"

"அப்போ சரி" என்றான்.

சரியாகத்தான் போட்டிருந்தேன், அதை இங்கே எழுதிவைக்கிறேன். இருந்தாலும் எழுந்திருப்பதற்கு முன் குனிந்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.